தண்ணீர் விட்ட மூச்சு

செந்தேரிவிளைக்குக் கண்ணாடிகள் லாரி லாரியாக வைக்கோல் சுற்றி வந்து இறங்கின. சிவப்பு மணல்மேட்டின் நடுவில் நூற்றிருபது அடிக்கு ஒரு கோபுரம் எழும்பியது. அதைச் சுற்றி நின்ற எழுநூறு கண்ணாடிகளும் காலையில் கிழக்கும் சாயங்காலம் மேற்குமாகக் கழுத்தைத் திருப்பிச் சூரியனுக்குப் பின்னாலேயே அலைய ஆரம்பித்த அன்றைக்கே ஊர்ஜனங்களும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். தேரி மணலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது, அதைத்தான் வெயில் காட்டி உருக்கி எடுக்கிறார்கள் என்றார்கள் சிலர். கடலில் போகிற கப்பலுக்கு வெளிச்சத்தால் சேதி சொல்கிறார்கள் என்றார்கள் சிலர். டீக்கடை பால்துரை மட்டும், இத்தனை கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருத்தனும் தலை சீவக் காணோமே, அதுதான் தனக்குச் சரியாகப் படவில்லை என்றான்.

பஞ்சாயத்து ஆபீஸில் கூட்டம் போட்டு விளக்கம் சொல்ல வந்தவர் செல்வின் என்கிற என்ஜினீயர். மார்த்தாண்டத்துக்காரர், முப்பது வயசு இருக்கும், வெயிலில் மூக்கு தோலுரிந்திருந்தது. கோபுரத்தின் உச்சியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு பீங்கான் இருக்கிறது, அதில் ஒரு உலோகத்தின் துருவைப் பூசியிருக்கிறோம் என்றார். எழுநூறு கண்ணாடியின் வெயிலும் ஒரே இடத்தில் விழுந்தால் அந்தத் துரு தன்னிடம் இருக்கிற மூச்சை எல்லாம் வெளியே விட்டுவிடும் என்றார்.

"விட்டப்புறம் அதுக்கு மூச்சுப் பசி எடுக்கும். அந்த நேரம் பார்த்துத் தண்ணியை ஆவியாக்கி அதுகிட்டக் காட்டுவோம். தண்ணிக்குள்ள இருக்கிற மூச்சை அது பிடுங்கி வச்சுக்கிடும். மிச்சம் வெளிய வர்றதுதான் ஹைட்ரஜன். அதுல பஸ் ஓடும், லாரி ஓடும். புகையே வராது. எரிஞ்சா மறுபடி தண்ணிதான் வரும்."

"தண்ணிய எடுத்துத் தண்ணியாக்குறதுக்கா சார் இம்புட்டுக் கண்ணாடி?" என்றான் பால்துரை. கூட்டம் சிரித்தது, செல்வினும் சிரித்தார்.

பின்னால் கதவோரம் நின்ற தங்கபுஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. "பிடுங்கின மூச்சை என்ன செய்வீங்க சார்?" என்று கேட்டாள்.

"மறுநாள் உச்சி வெயில்ல கோபுரம் அதைக் காத்துல விட்டுரும்மா. வெறும் ஆக்சிஜன்தான். ஊருக்கு நல்லதுதான்."

ஊருக்கு நல்லது என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் கப்பென்று அடங்கியது. ஏனென்றால் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்த எவனும் அதுவரை ஊருக்கு நல்லது செய்ததில்லை.

தங்கபுஷ்பம் அந்த ஊரின் பம்ப் ஆபரேட்டர். பெரிய கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற மோட்டார் ரூம் சாவி அவள் இடுப்பில்தான் கிடக்கும். அந்த வேலை முதலில் அவள் புருஷன் லிங்கதுரை பார்த்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆவணி மாசம் வெள்ளிக்கிழமை, அடியில் அடைத்துக்கொண்ட ஃபுட் வால்வைச் சுத்தம் பண்ண லிங்கதுரை கிணற்றுக்குள் இறங்கினான். அவள் மேலே மோட்டார் ரூமில் சுவிட்சுப் பக்கத்தில் நின்றாள்; அங்கிருந்து கிணற்றடி தெரியாது. பக்கத்து மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து "போடு" என்று சத்தம் கேட்டது. அவள் போட்டாள். நைந்துபோன ஒயர் வழியாகக் கரண்ட் தண்ணீரில் பாய்ந்தது.

அவன் வேலையை அவளுக்கே கொடுத்த ஊர், அவளைச் சந்தேகப்படுவதையும் அந்த வேலையோடு சேர்த்தே கொடுத்திருந்தது. உள்ளே நிற்கிறவன் போடு என்று எப்படிச் சொல்வான், போடாதே என்றுதான் சொல்லியிருப்பான் என்றார்கள். அன்று காலையில் புருஷனும் பெண்சாதியும் கிணற்றடியில் சண்டை போட்டதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். லிங்கதுரையின் தம்பி வைகுண்டமணி, தான் மட்டும் அன்றைக்கு உடன்குடிச் சந்தைக்குப் போகாமல் ஊரில் இருந்திருந்தால் அண்ணனைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பதினோரு வருஷமாகப் போகிற வருகிற இடத்தில் எல்லாம் சொல்லி அழுதான். அழுது முடிக்கும்போது மைனி தங்கபுஷ்பத்தின் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். யாரும் அவளிடம் நேரில் கேட்டதில்லை. அன்று ஒன்பது வயசும் இன்று இருபது வயசுமான மகள் சுகிர்தாவும் கேட்டதில்லை. அதுதான் தங்கபுஷ்பத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பாரமாக இருந்தது. ஏனென்றால் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. போடு என்று கேட்டதாகத்தான் அவளுக்கு ஞாபகம். ஆனால் பதினோரு வருஷம் புரட்டிப் புரட்டிப் பார்த்த ஞாபகத்தை எந்த அளவுக்கு நம்புவது?

சித்திரை மாசம் கம்பெனிக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷமாக மழை இல்லாமல் பெரிய கிணறு பாதிக்கு இறங்கியிருந்தது. சேறு வரக் கூடாது என்று செல்வின் ஒரு மிதவையில் சின்ன மோட்டாரைக் கட்டி, மேல் தண்ணீரை மட்டும் உறிஞ்சுகிற மாதிரி போட்டுக்கொடுத்தார். தினமும் பிற்பகலில் இரண்டு மணி நேரம் தங்கபுஷ்பம் அதை ஓடவிட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் ஓடவிட்டாள். மறுநாள் உச்சிப்பொழுதில் கண்ணாடிகள் எல்லாம் முகத்தைக் கோபுரத்தின் பக்கம் திருப்பின. உச்சி பழுத்துச் சிவந்து வெளுத்தது. கோபுரம் நீளமாக ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சில், ஊரின் எல்லாத் தெருவிலும் கேட்கிற மாதிரி, ஒரு பெண்குரல் சொன்னது:

"சீமைச் சோப்புன்னு குடுத்தான், நுரையே வரல்ல பாத்துக்க. அவன் கடையும் அவன் மூஞ்சியும்."

அது துணி துவைக்க வந்த ஆவுடைத்தங்கம் முந்தின வாரம் கிணற்றடியில் சொன்னது. சோப்பு விற்றவன் அப்போது தன் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுத்து இரண்டு கிழவர்கள் மூலவியாதிக்கு வைத்தியம் பேசினார்கள். பிறகு ஒருத்தி தன் மாமியார் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அரை மணி நேரம் இப்படிப் போயிற்று. கோபுரம் மூச்சை விட்டு முடித்ததும், மாமியார்கள் எல்லாரும் தெருவுக்கு வந்து நின்று அது யார் குரல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனிக்காரன் கிணற்றுக்குள் மைக் வைத்திருக்கிறான் என்று ஆட்கள் இறங்கித் தேடினார்கள், பாசிதான் கிடைத்தது. கோபுரத்தில் ஸ்பீக்கர் இருக்கிறது என்று ஏறப் பார்த்தார்கள். செல்வினே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். செல்போனில் பதிவு பண்ணிப் பார்த்தவர்களுக்கு உஸ்ஸென்று காற்றுச் சத்தம் மட்டுமே விழுந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்து பேசுகிற பேச்சைத் தண்ணீர் தன் மூச்சில் வைத்துக்கொள்கிறது, மூச்சைப் பிடுங்கினால் பேச்சும் கூட வருகிறது, இதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று பத்துப் பதினைந்து நாளில் ஊர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. அதிசயப்படுவதற்கு நேரமில்லை, சந்தேகப்படுவதற்கே நேரம் போதவில்லை.

கிணற்றடிக்கு வருகிற பெண்கள் வாயைச் சேலைத்தலைப்பால் சுற்றிக்கொண்டு சைகையில் பேசினார்கள். பிறகு சைகைக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்குப் போகிற வழியில் சண்டை போட்டார்கள். கல்யாணப் பேச்சுகளைத் தண்ணீர் இல்லாத காட்டில் போய்ப் பேசினார்கள்; வெக்கையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கக்கூடப் பயந்தார்கள். பால்துரை பாலில் தண்ணீர் ஊற்றும்போது வாயைத் திறப்பதில்லை. கோவிலில் குறி சொல்கிறவரிடம் யாரும் போகவில்லை; களவுபோன பொருளுக்குக் கோபுரத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகள் நடுவில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு பேசிவிட்டு, அந்த வாளியைக் கொண்டுபோய்க் கிணற்றில் ஊற்றினார்கள். சில வாலிபப்பிள்ளைகள் பகலில் போய்க் கிணற்றுக்குள் குனிந்து ஒரு பேரைச் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் உச்சியில் அந்தப் பேருக்கு உரியவள் வாசலுக்கு வருகிறாளா என்று பார்த்தார்கள்.

ஆனால் தினம் தினம், மற்றப் பேச்சுக்களுக்கு நடுவில், விடாமல் ஒரு குரல் வந்தது. கரகரத்த ஒரு பெண்குரல். மெதுவாக, காரியமாக இருக்கிறவள் தனக்குத் தானே முனகுகிற மாதிரி அது கேட்டது:

"நீ சொன்னியா, சொல்லலையா?"

அவ்வளவுதான். பேர் கிடையாது, ஊர் கிடையாது. நேற்றும் அதுவே, இன்றும் அதுவே. எவளோ எவனிடமோ வாக்குக் கேட்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. ஒவ்வொருத்தியும் தன் புருஷன் எவளிடம் என்ன சொன்னான் என்று யோசித்தாள். வீட்டுக்கு வீடு சோறு காய்ந்தது. கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருத்தன், தான் நாலு வருஷம் ஊரிலேயே இல்லை என்று பாஸ்போர்ட்டை எடுத்து வாசலில் நின்று காட்டினான். தங்கபுஷ்பமும் அந்தக் குரல் யாருடையது என்று யோசித்தாள். முதலில் மில்லுக்கு வருகிற ஒருத்தியைச் சந்தேகப்பட்டாள், பிறகு பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாவை. மகளிடம் கேட்டாள். சுகிர்தா கோபுரத்தடியில் கண்ணாடி துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊரிலேயே அந்தக் குரலுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறவள் அவள்தான்.

"ஏட்டி, அது யாரு குரலா இருக்கும்?"

சுகிர்தா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "தெரியல்லம்மா" என்றாள், திரும்பாமலே. தங்கபுஷ்பம் அன்றைக்கு மகளையும் கொஞ்சம் சந்தேகப்பட்டாள்.

வைகாசி கழிந்ததும் ஊருக்கு இன்னொன்று புரிந்தது. கோபுரம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேல் தண்ணீரில் இந்த வருஷத்துப் பேச்சு இருந்தது. தண்ணீர் இறங்க இறங்கப் போன வருஷத்துப் பேச்சு வந்தது. பிறகு அதற்கு முந்தின வருஷம். ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மாசம்; அந்த மாசத்துக்குள் மட்டும் பேச்சு நடந்த வரிசையிலேயே வந்தது. செத்துப்போனவர்கள் பேசினார்கள். முகத்தை மூடிக்கொண்டு திரிந்த நோய்க்காலத்தில் கிணற்றடியில் தள்ளித் தள்ளி நின்று பேசிய பேச்செல்லாம் ஆனி மாசத்தில் வந்து போயிற்று. அப்போதுதான் வைகுண்டமணி பால்துரையின் கடையில் உட்கார்ந்து விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துச் சொன்னான்:

"இப்படியே போனா ஆவணியில அந்த ஆவணி வந்திரும்லா. எங்க அண்ணன் வாயாலேயே கேட்டுரலாம். போடுன்னானா, போடாதன்னானான்னு."

சொல்லும்போது அவன் சத்தம் போட்டுத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடித்ததும் முகம் எதையோ விழுங்கிய மாதிரி ஆகிவிட்டது. டீயைக் குடிக்காமலே எழுந்து போனான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் தங்கபுஷ்பத்தின் முகத்தை ஞாபகப்படுத்திக்கொள்வதில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. அவள் மோட்டார் ரூமைத் திறக்கிற நேரத்தை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் எவ்வளவு எடுக்கிறாள், குறைத்து எடுக்கிறாளா என்று கிணற்றுச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டார்கள். ஆவணி பிறந்தது. ஆறாம் தேதி பிற்பகலில் அவள் சுவிட்சுக்கு முன்னால் நின்றாள், கை போகவில்லை. அப்படியே கதவைப் பூட்டிவிட்டு வந்து, மோட்டார் காயில் எரிந்துபோய்விட்டது என்று பஞ்சாயத்து ஆபீஸில் சொன்னாள்.

மறுநாள் கோபுரம் பேசவில்லை. ஊர் பேசியது.

வைகுண்டமணி வாசலில் வந்து நின்றான், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. வந்தவர்கள்தான் சத்தம் போட்டார்கள்; அவன் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்ட வேண்டும், சாவியைக் கொடுக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். "ஒரு நாள் பொறுத்தா என்ன குடிமுழுகிப் போகுது" என்று அவன் சொன்னதைக் கேட்டு, கூட வந்தவர்களே அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் கதவைச் சாத்திவிட்டாள்.

உள்ளே சுகிர்தா தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"எம்மா, மோட்டார் எரியல்லதானே?"

"எரிஞ்சு போச்சுன்னு சொன்னேன்லா."

"எனக்குக் காயில் எரிஞ்ச வாடை தெரியும்மா. நீதானே பழக்கிக் குடுத்தே."

தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் மகள் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"தினமும் ஒரு குரல் வருதுல்லா. நீ சொன்னியா, சொல்லலையான்னு. அது உன் குரல்தாம்மா."

"என்னட்டி சொல்லுதே?"

"முதல் நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. காலையில வால்வத் திறக்கப் போகும்போது கிணத்த எட்டிப் பாத்துக் கேப்பே. தினமும் கேப்பே. நான் பள்ளிக்கூடத்துக்குப் போற காலத்துலேயே பாத்திருக்கேன். நீ வாய்விட்டுப் பேசுதேன்னு உனக்கே தெரியாது." சுகிர்தா நகர்ந்து அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் உன்னச் சந்தேகப்பட்டேம்மா. ஊர்ல எல்லாரும் சொல்லும்போது நானும் நெனச்சேன். ஆனா இந்த நாலு மாசமா அந்தக் கண்ணாடிக்குக் கீழ நின்னு நின்னு, ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு மாசமும், நீ அதையேதான் கேட்டுக்கிட்டே இருந்திருக்கே. தெரிஞ்சவ எதுக்கும்மா கேப்பா?"

தன் குரலைத் தானே அடையாளம் தெரியாமல் ஊரில் ஒவ்வொருத்தியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்ததும் தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, மகளின் நீலச் சட்டையெல்லாம் நனைந்தது.

"அவரு போடாதன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டாள் கடைசியில்.

"சொல்லியிருந்தா உனக்குக் கேக்கல்ல. அவ்வளவுதான். நான் உன் பக்கத்துல நிக்கேன்."

பிற்பகலில் தங்கபுஷ்பம் மோட்டார் ரூமைத் திறந்தாள். இரண்டு மணி நேரம் ஓடவிட்டாள். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடுத்த நாள் உச்சிப்பொழுதில் கடை எல்லாம் சாத்தியிருந்தது. மாவு மில்லை நிறுத்திவிட்டார்கள். கைப்பிள்ளைக்காரிகள்கூட வந்து கோபுரத்தைச் சுற்றிச் சுடுமணலில் நின்றார்கள். கால் மாற்றி மாற்றி வைத்தார்களே ஒழிய ஒருத்தரும் நகரவில்லை. தாயும் மகளும் ஒரு கண்ணாடியின் நிழலில் நின்றார்கள். கோபுரத்தின் உச்சி சிவந்து வெளுத்தது.

முதலில் சண்டை வந்தது, காலையில் நடந்த சண்டை. மகளுக்குச் செருப்பு வாங்காமல் வந்ததற்காகத் தங்கபுஷ்பம் கத்தினாள். நாளைக்கு வாங்குகிறேன் என்று அவன் கத்தினான். இதற்காகவா பதினோரு வருஷம் பேசினோம் என்று சிலர் தலையைக் குனிந்தார்கள். பிறகு கல்லில் கால் வைத்து இறங்குகிற சத்தம் கேட்டது. இரும்பைச் சுரண்டுகிற சத்தமும், மேலே மாவு மில் கடகடவென்று ஓடுகிற சத்தமும் தொடர்ந்தன. அதன்பிறகு லிங்கதுரையின் குரல் கிணற்றுச் சுவரில் மோதி மோதி எழும்பியது.

"ஏல மணி, முடிஞ்சிட்டுலே. கயித்தப் போடு."

மில் ஓடியது.

"ஏல மணி! எங்கலே போனே? கயித்தப் போடு!"

மில் ஓடியது. மூன்றாவது தடவை அவனுக்கு மூச்சு வாங்கியது. முன்னால் இருந்த சொற்களை மில் தின்றுவிட்டது. ஊர் முழுக்கக் கேட்டது ஒரே ஒரு சொல்தான்.

"...போடு!"

அதற்கு மேல் கேட்டதைச் சொல்ல வேண்டியதில்லை. கோபுரத்தின் மூச்சு நின்றது. தங்கபுஷ்பத்தின் விரல் பதிந்து மகளின் மணிக்கட்டு சிவந்திருந்தது.

 பிறகு ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்: "மணி சந்தைக்குல்லா போயிருந்தான்?" இன்னொருத்தர் கேட்டார்: "சந்தைக்குப் போனவனை எதுக்குக் கூப்பிடுதான்?" ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்குக் குடத்தை மாற்றுகிற மாதிரி, பதினோரு வருஷத்துச் சந்தேகத்தை ஊர் ஒரு சொட்டுச் சிந்தாமல் வைகுண்டமணியின் மேல் மாற்றி வைத்தது. தங்கபுஷ்பத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டொரு பெண்கள் அவள் பக்கத்தில் வந்து, அப்போதே நினைத்தேன் என்றார்கள்.

மறுநாள் காலையில் வைகுண்டமணி மோட்டார் ரூமுக்கு வந்தான். ஒரே நாளில் சட்டைக்குள் ஆள் சுருங்கியிருந்தான். பால்துரை அவனுக்கு டீ கொடுக்கவில்லை.

"மைனி" என்றான்.

அவள் வால்வைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "எங்க போயிருந்தே?"

"பீடி தீந்துபோச்சு. முக்குக் கடைக்குத்தான் போனேன். திரும்பி வரும்போது ஆளு கூடிட்டாங்க. பயமா இருந்துச்சு. சந்தைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னப்புறம் மாத்த முடியல்ல மைனி."

"என்னைச் சொன்னியே, அது?"

அவன் கிணற்றுக்குள் பார்க்காமல் இருப்பதற்காக மோட்டார் ரூம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க தெருவுக்குத் தண்ணி எப்பவும்போல ஆறு மணிக்கு வரும்" என்றாள் தங்கபுஷ்பம். "அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் எதிர்பாக்காத. போ."

அவன் போனான். புரட்டாசி பிறக்கும் முன்னால் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். பனியனுக்குச் சாயம் போடுகிற வேலை, அங்கேயும் தண்ணீர்தான் என்று பால்துரை சொன்னான்.

அதன்பிறகு ஊருக்குக் கோபுரத்தில் ருசி போய்விட்டது. இன்னும் பழைய பேச்சுகளில் இருந்ததெல்லாம் செத்தவர்களின் வம்பும், எப்போதோ தீர்ந்துபோன சண்டைகளும்தான். உச்சிப்பொழுதில் ஜனங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். கோபுரத்தடியில் தாயும் மகளும் மட்டும் நின்றார்கள். ஏனென்றால் பின்னோக்கிப் போகிற தண்ணீரில் சாவு முதலில் வந்துவிட்டது. இனி வருவதெல்லாம் உயிரோடு இருந்த லிங்கதுரை.

தினமும் அவன் பேசினான். "புஷ்பம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?" என்றான். மோட்டாரைத் திட்டினான். குளிக்கும்போது ராகம் இல்லாமல் பாடினான். சுகிர்தா எட்டு வயசானாள், ஏழு வயசானாள். ஒருநாள் அவளைக் கிணற்றில் நீச்சல் பழக்கிய பேச்சு வந்தது.

"கையை விடுட்டி. அப்பா பிடிச்சிருக்கேன்."

"விட்டுராதீங்கப்பா, விட்டுராதீங்கப்பா."

பிறகு ஒரு சின்னப்பிள்ளையின் சிரிப்பு, சிவப்பு மணல் முழுக்க. சுகிர்தா துடைக்கிற துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, அந்த மூச்சு தீர்ந்து கோபுரம் ஆறுகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

அன்றைக்குத் தங்கபுஷ்பம் ஒரு காரியம் செய்தாள். கம்பெனிக்குப் போகிற வால்வை முக்கால்வாசி மூடினாள். ஒரு நாளைக்கு ஒரு மாசம் போனது போதும், ஒரு வாரம் போகட்டும். அவன் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது. செல்வின் வந்து மீட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். ரிஜிஸ்டரில் வால்வு பழுது என்று எழுதிவிட்டுப் போனார். அவள் அவரையும் சந்தேகப்பட்டாள், ஏன் கேட்காமல் போகிறார் என்று. இரண்டு நாள் கழித்துத்தான் அவர் தினமும் உச்சிப்பொழுதில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று கேட்பதைப் பார்த்தாள்.

இன்னும் கல்யாணத்தின் முதல் வருஷம் வரவில்லை. புதுப்பெண்ணாக அந்த ஊருக்கு வந்த முதல் காலையில், கிணற்றடியில் வைத்து அவன் அவளிடம் ஏதோ சொன்னான்; அவள் குடத்தை நழுவவிடும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்தது ஞாபகம் இருந்தது. என்ன சொன்னான் என்பது எப்படி நினைத்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. அதைக் கேட்க வேண்டும். அதற்கு இன்னும் பத்தடித் தண்ணீர் இருந்தது.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி பிற்பகலில் கடல் பக்கமிருந்து மேகம் எழும்பியது. இரண்டு வருஷமாகக் காணாத கறுப்பு. கண்ணாடிகள் சூரியனைத் தொலைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன. ஊர் தெருவுக்கு வந்துவிட்டது. பானை, வாளி, அண்டா, குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற தொட்டி, எல்லாவற்றையும் காலியாக முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பால்துரை டீ பாய்லரையே தூக்கி வந்து திறந்து வைத்தான்.

தங்கபுஷ்பம் அந்த மேகத்தை, வாசலில் வந்து நிற்கிற அறிமுகமில்லாத ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். மழை பெய்தால் கிணற்றில் புதுத்தண்ணீர் விழும். புதுத்தண்ணீர் பழைய தண்ணீரோடு கலக்கும். கலந்தால், அவன் இன்றைக்குப் பெய்த மழையில் யாருக்கும் கேட்காத ஒரு முனகலாகப் போய்விடுவான்.

"சுகிர்தா, வீட்டில இருக்கிற குடம் பூராவும் எடுத்துட்டு வா. மூடி இருக்கிறதா பாத்து எடு."

இரண்டு பேரும் இறைத்தார்கள். கை தோல் உரிய உரிய, வாளி கல்லில் மோத மோத, வாயைத் திறக்காமல் இறைத்தார்கள். அந்தத் தண்ணீரில் புதிதாக ஒரு சொல்லும் விழுந்துவிடக் கூடாது. குடங்கள் நிரம்பின, டிரம் நிரம்பியது, சோற்றுப்பானை நிரம்பியது. நிரம்பியதை எல்லாம் மோட்டார் ரூமுக்குள் கொண்டுபோய் அடுக்கி மூடினார்கள். தெருவில் காலிப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் இதைப் பார்த்தார்கள். வானமே கொட்டப் போகிறபோது இவள் எதற்குக் கிணற்றுத் தண்ணீரை அள்ளிப் பூட்டி வைக்கிறாள், உள்ளே எதை மறைக்கிறாள் என்று ஒருத்தியிடம் ஒருத்தி கேட்க ஆரம்பித்தார்கள்.

தங்கபுஷ்பம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கடைசியாக ஒரு குடம் மிஞ்சியிருந்தது, அதற்கு மூடி இல்லை. அவள் அதை இறைத்து நிரப்பி இடுப்பில் தூக்கி வைத்தபோது மணலில் முதல் துளி பொத்தென்று விழுந்தது. அவள் குடத்தின் வாயை உள்ளங்கையால் இறுக்கப் பொத்திக்கொண்டு நடந்தாள்.